பற்றாக்குறை என்னும் சொல்லும் அரசின் பண ஆக்கமும்

சோழர் காலக் கல்வெட்டுக்களைப் பயில்வோர் 'அன்றாடு நற்காசு' என்னும் தொடரை அடிக்கடி எதிர்ப்படுவர். அவ்வக்காலத்தில் வழங்கும் நல்ல காசு என்பது அதன் பொருள். 'வாசிபடா' என்னும் அடையும் சில இடங்களில் வரும். மாற்றும்பொழுது வட்டம் கழிக்கப்படாத காசு என்பது அதனாற் பெறப்படும். பொன்னாயின் அதன் மாற்று இன்னது, நிறுத்த கல் இன்னது என்று குறிப்பதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்தமை கூறுவதை அறிஞர் அறிவர். காசு என்ற ஒரு சொல்லுக்கு இத்துணைக் காவல் எதற்கு? காசு அடிக்கும் உரிமை உடையோர் அதன் தரத்தைக் குறைக்கவும் கூடும் என்பதும், குறைத்த பின்னும் பெயர் பழைய பெயராகவே நிற்கும் என்பதும் அவற்றை எழுதுவித்தோர்க்குத் தெரிந்திருந்தன. ஆகவே பெயரை மட்டும் நம்பாது அடைகொடுத்து எழுதினர்.

நந்தா விளக்குக்கு அறம் வைத்தோருட் பலர் காசு வைத்தனர். வேறு பலர் 'சாவா மூவாப் பேராடு' வைத்தனர். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பெருவழக்கு. ஆடு வைத்தமைக்கு நாணயத்தின்மேல் இருந்த ஐயமே காரணம் என்று கூறத் துணியேன். நெய் வேண்டியோர் நெய் தருவதனை வைத்தனர் என்பதே எளிய விளக்கம். ஆயினும் பொருள் வேறு, பொருளைப் பெறும் உரிமை வேறு என்னும் தெளிவு அவ்வழக்கிற் காணப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே நாம் ஈண்டு ஆராயப்புகும் வினாவைப் பற்றிய வழக்குகள் முடிவின்றி நீள்கின்றன.

அவ்வினா இது: அரசு தன் பொதுச் செலவுக்கு வேண்டும் பணத்தை வரியாகவும் கடனாகவும் மக்களிடம் பெறாது தானே ஆக்கிக்கொள்ளலாமா? 'ஒருகாலும் ஆகாது' என்பார் ஒரு சாரார். 'ஆக்கும் ஆற்றல் உள்ள அரசுக்குப் பணமுடை என்பதே இல்லை' என்பார் மற்றொரு சாரார். பொருளியற் கோட்பாட்டை வைத்து இவ்விரு கூற்றையும் எடைபோடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்திய அரசு 1861 முதல் பலவகையானும் பணம் ஆக்கியே வந்துள்ளது. அவ்வரலாற்றில், பணம் ஆக்கியதைவிட அதனை வேறு பெயரிட்டு ஆக்கியதே பெருந்தீங்கு விளைத்தது என்பது என் கருத்து. பெயர் மறைந்தபொழுதெல்லாம் எல்லையும் உடன் மறைந்தது. சொல்லாராய்ச்சி உடையோர்க்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று கருதியே இப்பொருளை இங்கு எடுத்துக்கொண்டேன்.

நான்கு கோடி

1861ஆம் ஆண்டுக்கு முன் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாண வங்கிகள் தாமே நோட்டுக்களை வெளியிட்டு வந்தன. சென்னை வங்கி 1843இல் தோன்றியது. 1861இல் இயற்றப்பட்ட காகித நாணயச் சட்டம் அவ்வுரிமையை அவ்வங்கிகளிடமிருந்து எடுத்து அரசுக்கே உரியதாக்கியது. அதுமுதல் 1935இல் ரிசர்வு வங்கி தோன்றும்வரை இந்நாட்டில் நோட்டு வெளியிட்டது அரசே. அரசு தாள்நாணயம் ஆக்குதல் இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இதனை நோக்குதல் வேண்டும்.

அச்சட்டத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. 4 கோடி ரூபாய் வரையில் அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து நோட்டு வெளியிடலாம். அதற்குமேல் வெளியிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெள்ளியாவது வெள்ளி நாணயமாவது கருவூலத்தில் இருத்தல் வேண்டும். தன் கடன் பத்திரத்தைத் தானே ஈடாக வைத்துத் தான் நோட்டு வெளியிடுதல் பணம் ஆக்குதலன்றி வேறன்று. ஆகவே 4 கோடி ரூபாய் வரை அரசு பணம் ஆக்கலாம் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். அவ்வெல்லை 1911இல் 14 கோடியாக இருந்தது. முதல் உலகப்போர் முடிந்தபொழுது 120 கோடியாகிவிட்டது. இவ்வளர்ச்சி பெரிது, போரின் அழுத்தத்தால் விளைந்தது என்பதும் வெளிப்படை. ஆயினும் ஒவ்வொரு முறையும் எல்லையை உயர்த்தச் சட்டம் செய்யவேண்டியிருந்தது. எத்தனை கோடி என்று எழுத்தில் வைக்கவேண்டியிருந்தது. அயலார் ஆட்சியில் மக்களுக்கு அதிற் குரல் பெரிதும் இல்லையெனினும், எண்ணாவது யாவரும் காண நின்றது.

1934ஆம் ஆண்டு ரிசர்வு வங்கிச் சட்டம் இம்முறையை மாற்றிற்று. வெளியிடும் நோட்டுக்களுக்கு ஈடான சொத்தில் ஐந்தில் இரண்டு பங்கேனும் பொன்னாகவோ பிரிட்டனின் ஸ்டெர்லிங் பத்திரங்களாகவோ இருத்தல் வேண்டும் என்பது புதிய விதி. இன்ன தொகை என்றிருந்த எல்லை இன்ன விகிதம் என்றாயிற்று. அறிஞர் பலர் இதனை முன்னேற்றம் என்றே கொண்டனர். வாணிகத்தின் தேவைக்கேற்ப நோட்டு விரிந்து சுருங்கும் அன்றோ? ஆனால் பொன்னையும் ஸ்டெர்லிங்கையும் ஒரே வரியில் வைத்த அந்த 'ஓ'காரத்தில் ஒரு பெருவாயில் திறந்து கிடந்ததை ஐந்தே ஆண்டுகளில் போர் காட்டிவிட்டது.

ஸ்டெர்லிங் என்னும் பெயர்

இரண்டாம் உலகப்போர் தொடங்கியவுடன், 1939 நவம்பரில், இந்திய அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் நிதி உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. இந்தியாவின் தற்காப்புக்கென வரையறுத்த செலவை இந்தியா ஏற்கும். அதற்குமேற் செய்யும் போர்ச் செலவைப் பிரிட்டன் ஏற்கும். முறையாகத் தோன்றும் உடன்பாடே. ஆயினும் பிரிட்டன் தன் பங்கை எவ்வாறு கொடுத்தது? இலண்டனில் ஸ்டெர்லிங்காக வரவு வைத்தது. போர்க்காலத்தில் அந்த ஸ்டெர்லிங்கைக் கொண்டு இந்தியா வேண்டிய பொருளை வாங்கவியலாது. கப்பலும் இல்லை, பிரிட்டனில் விற்கப் பொருளும் இல்லை. ஆனால் படைக்கு வேண்டிய துணி, தோல், தானியம், கூலி யாவும் இந்தியாவில் ரூபாய் கொடுத்தே வாங்கப்பட்டன. அந்த ரூபாய்க்கு ரிசர்வு வங்கி நோட்டு அடித்தது. இலண்டனிற் சேர்ந்த ஸ்டெர்லிங்கை ஈடாகக் காட்டியது.

1939இல் ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் போர் முடிந்தபொழுது ஆறு மடங்குக்கு மேலாகப் பெருகியிருந்தது. இதில் வியப்புக்குரியது யாதெனின், ஐந்தில் இரண்டு என்னும் சட்ட விதி ஒரு நாளும் மீறப்படவில்லை. ஈடு விதித்த அளவுக்கு மிகமேலாகவே இருந்தது. சட்டத்தின் சொல்லை மட்டும் பார்ப்பார்க்கு இந்திய நாணயம் அந்நாளைப்போல் என்றும் உறுதியாக இருந்ததில்லை!

அக்காலத்து மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940இல் ரூபாய் நாணயத்தின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஒரு ரூபாய் நோட்டும் மீண்டும் வெளிவந்தது. 1917இல் முதலில் வெளியிட்டு 1926இல் நிறுத்திய நோட்டு அது. அதனை வெளியிட்டது ரிசர்வு வங்கியன்று, அரசு. இன்றளவும் அதில் நிதித்துறைச் செயலரின் கையொப்பமே இருக்கும். மற்ற நோட்டுக்களில் ஆளுநர் பெயரால் வரும் 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்னும் வாசகம் அதில் இராது. 1940ஆம் ஆண்டு அவசரச் சட்டம் அத்தாளை ரூபாய் நாணயமாகவே கொள்ளவேண்டும் என்று விதித்தது. தாளை நாணயம் என்று சட்டத்தாற் பெயரிட்ட காலம் அது. 'வாசிபடா' என்று அடைகொடுத்து எழுதிய பழையோர் இதனைக் கண்டிருப்பின் என்ன எழுதியிருப்பர் என்று எண்ணுதல் சுவையானது.

நோட்டுப் பெருக்கத்தின் விளைவு எங்கே வீழ்ந்தது? அரசு புதிய பணத்தைக் கொண்டு சந்தையிற் புகுந்து பொருள் வாங்குமாயின், பொருள் அதற்கேற்ப மிகாவிடத்து, வேறு எவரோ அப்பொருளை இழந்தேயாக வேண்டும். வரி விதித்தால் இழப்பவர் யார் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பணம் ஆக்கினால் இழப்பவரைச் சந்தை தேர்ந்தெடுக்கும். விலையோடு ஓட்டமாக உயரும் வருவாய் உடையோர் தப்புவர். உயராத கூலி உடையோர் அகப்படுவர். கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு ஒன்றுக்கு 14 ரூபாய்க்கு உட்பட்டிருந்த அரிசி 1943 மார்ச்சில் 21 ரூபாயும், மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேலும், ஆகஸ்டில் 37 ரூபாயும் ஆயிற்று. கல்கத்தாவில் போர்த்தொழில் செய்தோர்க்கு நிறுவனங்களும் அரசும் குறைந்த விலையில் அரிசி வழங்கின. நாட்டுப்புறத்து உழவுக் கூலியாளர்க்கும், மீனவர்க்கும், சிறு கைத்தொழிலாளர்க்கும் அவ்வாய்ப்பு இல்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் தொகை முப்பது இலட்சம் அளவு என்று பிற்கால ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். 1945இல் அறிக்கை அளித்த விசாரணைக் குழு பதினைந்து இலட்சம் என்றது.

பஞ்சத்துக்கு நோட்டு அச்சடித்தல் ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. 1942இல் பர்மா வீழ்ந்ததனால் அந்நாட்டு அரிசி வரவு நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மிதினாப்பூர்ப் பகுதியைப் புயல் அழித்தது. பகைவர் கைப்படாவண்ணம் படகுகளைப் பறித்த கொள்கை உணவுப் போக்குவரத்தை முறித்தது. மாகாணங்கள் தத்தம் எல்லையை அடைத்துக்கொண்டன. ஆயினும், 1981இல் வெளிவந்த அமர்த்தியா சென்னின் ஆய்வு, உணவுக் குறைவைக்காட்டிலும் போர்ச் செலவால் எழுந்த விலையேற்றத்துக்கு ஈடுகொடாத கூலியே மிகுதியாக உயிரைக் கொண்டது என்று காட்டிற்று. அவ்வாய்வின் சில பகுதிகளை மறுப்போர் உளர். கூலிக்கும் அரிசி விலைக்கும் இடையே திறந்த பிளவை மறுப்பார் இலர். அதே போரை நடத்திய பிரிட்டனில் வரியும் பங்கீடும் மக்கள் அனைவர்மேலும் வெளிப்படையாகச் சுமத்தப்பட்டன. இந்தியாவிலோ சுமத்தியவரும் இல்லை, சுமந்தவர் பட்டியலும் இல்லை. கணக்கேட்டில் 'ஸ்டெர்லிங் சொத்து' என்றுதான் இருந்தது.

போர் முடிவில் அச்சொத்து 1,700 கோடி ரூபாய் அளவுக்கு உயர்ந்திருந்தது. விடுதலைக்குப்பின் நாட்டுக்கு அது பயன்படவும் செய்தது. யார் இழந்ததைக் கொண்டு சேர்த்தது என்பது வேறு செய்தி.

பற்றாக்குறை

இனி, திட்டக்காலத்துக்கு வருவோம். அரசின் பண ஆக்கத்துக்குத் தமிழில் அப்பொழுது வழங்கத் தொடங்கிய பெயர் 'பற்றாக்குறை நிதி' என்பது. பற்றாமை என்பது போதாமை. 'சம்பளம் பற்றவில்லை' என்னும் வீட்டு வழக்கிலிருந்து எழுந்த, எளிய, நல்ல சொல்தான். ஆயினும் இச்சொல் செயலின் ஒரு பாதியை மட்டுமே கூறுகிறது. வரவு போதவில்லை என்பதை அது சொல்லும். போதாத அவ்விடம் எதனால் நிரப்பப்பட்டது என்பதைச் சொல்லாது. வீட்டில் பற்றாக்குறை நேர்ந்தால் செலவைச் சுருக்குவோம், அல்லது கடன் வாங்குவோம். அரசின் பற்றாக்குறையோ புதிய பணத்தால் நிரப்பப்பட்டது. கேட்போர் உள்ளத்தில் ஒரு குறைபாட்டின் உருவம் எழுமேயன்றி ஓர் ஆக்கத்தின் உருவம் எழாது. இதன் விளைவுக்கு வைத்த 'பணவீக்கம்' என்னும் பெயர் இதனினும் நேர்மையானது. வீக்கம் என்பது வளர்ச்சியன்று, நோய் என்பதைச் சொல்லே உணர்த்திவிடும்.

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இவ்வகைக்கு 290 கோடி ரூபாய் குறிக்கப்பட்டது. இத்தொகை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். பிரிட்டன் விடுவிக்கவிருந்த ஸ்டெர்லிங் இருப்புக்கு ஒப்ப அது வகுக்கப்பட்டது. புதிய ரூபாய் ஒருபுறம் எழுமாயின், மறுபுறம் ஸ்டெர்லிங்கைக் கொண்டு பொருளை இறக்குமதி செய்யலாம். உரிமைக்குப் பின்னால் பொருள் நிற்கும். மழையும் துணைசெய்தது. திட்டம் முடிந்தபொழுது விலைவாசி தொடக்கத்தில் இருந்ததைவிடத் தாழ்ந்தே இருந்தது. பணம் ஆக்கினால் விலை ஏறியே தீரும் என்பார்க்கு இவ்வைந்தாண்டு ஒரு மறுப்பு.

இரண்டாம் திட்டம் அத்தகையதன்று. 1956 முதல் 1961 வரை பொதுத்துறைச் செலவு 4,800 கோடி ரூபாய்; அதில் நாலில் ஒரு பங்காகிய 1,200 கோடி பற்றாக்குறை நிதி. 1955இல் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் தலைமையில் கூடிய பொருளியலறிஞர் குழுவில் இதனை உடன்படாது தனிக் குறிப்பு எழுதியவர் பி. ஆர். ஷெனாய் ஒருவரே. மக்களின் சேமிப்புக்கு மிஞ்சிய முதலீட்டைப் பணம் ஆக்கி நிகழ்த்தினால் விலை ஏறும், அயல்நாட்டுச் செலாவணி கரையும், கட்டுப்பாடுகள் பெருகும் என்பது அவர் வாதம். அக்காலத்தில் அவர் குரல் தனிக்குரல். பிற்காலத்தில் அவரைத் தீர்க்கதரிசியாகப் போற்றுவோர் பெருகினர். இரண்டும் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிகழ்ந்தது என்ன? திட்டம் முடிவதற்குள் ஆக்கிய தொகை குறித்த 1,200 கோடியை எட்டவில்லை. 950 கோடி அளவிலேயே நின்றது. விலைவாசி ஐந்தாண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறிற்று. அதுவும் 1955இல் மிகத் தாழ்ந்திருந்த விலையிலிருந்து கணக்கிட்டது. அதனைப் பேரழிவு என்றல் பொருந்தாது. அந்த ஆண்டுகளில் எழுந்த எஃகாலைகளும் அணைகளும் மெய்யானவை. ஆனால் செலாவணி பற்றி ஷெனாய் கூறியது பலித்தது. 1957இலேயே நெருக்கடி வந்துவிட்டது. திட்டக்காலத்திற் கரைந்த அயல்நாட்டு இருப்பு 600 கோடி ரூபாய் அளவு. ரூபாயை ஆக்கலாம், டாலரையும் ஸ்டெர்லிங்கையும் ஆக்கவியலாது. கோதுமையையும் ஆக்கவியலாது. 1956 ஆகஸ்டில் அமெரிக்காவோடு செய்த உணவு உடன்பாட்டின்வழி ரூபாய்க்கே கோதுமை கிடைத்திராவிடின், அப்பற்றாக்குறை நிதியின் கதை வேறாகியிருக்கும். எல்லை நோட்டு அச்சகத்தில் இல்லை, நெற்களத்திலும் துறைமுகத்திலும் இருந்தது என்பது அப்பொழுது விளங்கிற்று.

எல்லை உணர்த்தியபொழுது எல்லைக்கல் பெயர்க்கப்பட்டது என்பதும் வரலாறே. 1956இல் ரிசர்வு வங்கிச் சட்டத்தைத் திருத்தி, ஐந்தில் இரண்டு என்னும் விகிதத்தை நீக்கி, 115 கோடி பொன்னும் 400 கோடி அயல்நாட்டுப் பத்திரமும் இருந்தாற் போதும் என்றனர். மறு ஆண்டே அதுவும் இயலாமற்போகவே இரண்டும் சேர்ந்து 200 கோடி போதும் என்றாக்கினர். அதன்பின் சட்டத்தில் நின்ற எண் எதனையும் தடுக்கும் எண்ணாக இல்லை.

91 நாள் உண்டியல்

இவை யாவும் வெளிப்படையாக நடந்தவை. 1,200 கோடி என்னும் எண் திட்ட ஏட்டில் அச்சேறியது. ஷெனாய் மறுக்க முடிந்ததும் அதனாலேயே. ஆனால் அதே 1955ஆம் ஆண்டு ஜனவரியில், எந்த மன்றத்திலும் வழக்காடப்படாத ஓர் ஏற்பாடு அரசுக்கும் ரிசர்வு வங்கிக்கும் இடையே கடிதப் போக்குவரத்தாலேயே முடிவாயிற்று. நம் வரலாற்றில் இதுவே முதன்மையான செய்தி என்று கருதுகிறேன்.

ரிசர்வு வங்கிச் சட்டப்படி அரசுக்கு வங்கி முன்பணம் கொடுக்கலாம். ஆனால் மூன்று திங்களுக்குள் அது திருப்பப்படவேண்டும். 1955ஆம் ஆண்டு ஏற்பாடு இதனை மீறவில்லை, சுற்றிச்சென்றது. வெள்ளிக்கிழமைதோறும் அரசின் கையிருப்பு 50 கோடி ரூபாய்க்குக் குறையுமாயின், குறைந்த அளவுக்கு 91 நாள் கருவூல உண்டியல்கள் தாமாகவே எழும். அவற்றை வங்கி ஏற்றுக்கொண்டு பணத்தை அரசின் கணக்கில் வைக்கும். இவ்வுண்டியல்கள் சந்தைக்கு வாரா. கேட்க வேண்டியதில்லை, கொடுக்கலாமா என்று எண்ண வேண்டியதில்லை. நாள் முடிந்த உண்டியலுக்குப் புதிய உண்டியல் மாற்றுவித்தால் தவணை என்பதும் இல்லை.

'உண்டியல்' என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். நகரத்தார் முதலிய வணிகரிடையே வழங்கிய உண்டியல், குறித்த நாளில் பணமாகித் தீரும் சீட்டு. அரிசியோ நூலோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும். சரக்கு விற்றவுடன் உண்டியல் தீரும். கோயில் வாயிலில் வைக்கும் உண்டியல் வேறு. அதில் இட்டது இட்டவர்க்கு மீளாது. 1955இல் எழுந்த கருவூல உண்டியல் பெயரளவில் முன்னையது, தன்மையளவில் பின்னையது. 91 நாள் என்று எழுதப்பட்டது நாற்பத்திரண்டு ஆண்டு நீண்டது. குவிந்தவை காலந்தோறும் நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. 1974 முதல் அவற்றுக்கு வட்டி 4.6 விழுக்காடே. வெளியில் விலைவாசி இருபது விழுக்காட்டுக்குமேல் ஏறிய ஆண்டு அது.

இவ்வேற்பாடு நடந்தபொழுது வங்கியின் ஆளுநராயிருந்தவர் பெனகல் ராம ராவ். அவரே 1957 ஜனவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியோடு கொண்ட முரண்பாட்டால் பதவி துறந்தார். உண்டியல்களுக்கான முத்திரைத் தீர்வையை உயர்த்தி அரசு வட்டி வீதத்தில் தலையிட்டது என்பது அவர் குறை. வங்கியின் தன்னுரிமை ஒரு தீர்வையாற் பறிபோயிற்று என்று அன்று பலரும் பேசினர். அது அதற்கு ஈராண்டு முன்னரே ஓசையின்றிப் போயிருந்தது.

மாநில அரசுகளுக்கு இவ்வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஒரே வங்கியில் கணக்கு வைத்திருந்த இருவருள் ஒருவர்க்கு இருப்புக் குறைந்தால் பணம் தானே ஊறும். மற்றவர்க்கு வரம்பு உண்டு. 1967இல் பதவி ஏற்ற அண்ணா அரசின் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மாநிலம் முழுதும் விரிக்க நிதி இடங்கொடுக்கவில்லை. 1985 முதல், மிகைப்பற்று ஏழு வேலை நாளுக்குமேல் தொடருமாயின் மாநிலத்தின் காசோலைகளுக்கு ரிசர்வு வங்கி பணம் தராது நிறுத்திவிடும் என்னும் விதி வந்தது. மாநிலங்களுக்கு ஏழு நாள். மைய அரசுக்கு நாற்பத்திரண்டு ஆண்டு. மாநிலங்களும் பணம் ஆக்கியிருக்கலாம் என்பது என் கருத்தன்று. இல்லாத பொருளுக்கு எத்தனை அரசுகள் உரிமைச்சீட்டு எழுதினாலும் அரிசி கூடாது. ஆனால் அரிசியைப் பற்றிய மறுப்பு மாநிலத்துக்கு நேரே சொல்லப்பட்டது. மைய அரசுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக்கிய பணம் எங்கே போயிற்று? முழுதும் விலையேற்றமாக வெளிப்பட்டிருப்பின் நாடு பொறுத்திராது. ஆகவே வங்கிகளிற் சேர்ந்த வைப்புத்தொகையைக் கட்டிவைத்தனர். 1990ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு நூறு ரூபாய் வைப்பிலும் 15 ரூபாய் ரிசர்வு வங்கியில் ரொக்க இருப்பாகவும், 38 ரூபாய் 50 காசு அரசுப் பத்திரம் முதலியவற்றிலும் முடங்கவேண்டியிருந்தது. எஞ்சிய 46 ரூபாய் 50 காசிலிருந்தே உழவருக்கும் நெசவாளருக்கும் தொழில் செய்வார்க்கும் கடன் கிடைக்கவேண்டும். ஒரு கையால் ஆக்கிய பணத்தை மறுகையால் கட்டிவைத்த இம்முறையில், வங்கி வாயிலில் கடன் கேட்டு நின்று வெறுங்கையோடு திரும்பியவர் தமக்கு வரி விதிக்கப்பட்டதை அறியார்.

'பற்றாக்குறை' என்னும் சொல் இங்கே மீண்டும் தன் வேலையைச் செய்தது. வரவு செலவுத் திட்டத்திற் காட்டிய பற்றாக்குறை கருவூல உண்டியலையும் கையிருப்பையும் மட்டுமே கணக்கிட்டது; ரிசர்வு வங்கி வாங்கி வைத்திருந்த நீண்டகாலப் பத்திரங்கள் அதில் வாரா. மற்றொருபுறம் வங்கிகள் வாங்கிய உண்டியல்களும் அதில் அடங்கின. ஆகவே ஆக்கிய பணத்தின் அளவை அது ஓராண்டிற் குறைத்தும் மற்றோராண்டில் மிகுத்தும் காட்டும். 1985இல் சுகமய் சக்கரவர்த்தி குழு இதனை எடுத்துக்காட்டிற்று. முப்பது ஆண்டு நாடாளுமன்றத்தில் வழக்காடப்பட்ட அவ்வெண் வழக்குக்குரிய பொருளையே அளக்கவில்லை என்பது ஒரு குழு அறிக்கையில் அடங்கிப்போன செய்தி.

பெயர் மாற்றமும் பின்னரும்

ரிசர்வு வங்கி ஆளுநராயிருந்த சி. ரங்கராஜன் 1993 செப்டம்பரில் கல்கத்தாவில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவில் 1955ஆம் ஆண்டு ஏற்பாட்டின் வரலாற்றை விரித்துரைத்து, அதனை நீக்கவேண்டும் என்றார். மறு ஆண்டு செப்டம்பரில் அரசும் வங்கியும் ஓர் உடன்பாட்டிற் கையொப்பமிட்டன. 1994–95ஆம் ஆண்டில் நிகர உண்டியல் ஆண்டு முடிவில் 6,000 கோடியை மிஞ்சலாகாது. இடையில் தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு 9,000 கோடியைக் கடக்கலாகாது. நாற்பதாண்டுக்குப்பின் அரசின் பண ஆக்கத்துக்கு மீண்டும் ஓர் எண் வந்தது. 1997 ஏப்ரல் 1 முதல் தானாக எழும் உண்டியல் முற்றிலும் நின்றது, நிலுவை 4.6 விழுக்காட்டு வட்டியில் தவணையற்ற சிறப்புப் பத்திரமாயிற்று. அப்பொழுது நிதியமைச்சர் ப. சிதம்பரம். ஆளுநரும் அமைச்சரும் தமிழ்நாட்டவராக அமைந்தது தற்செயலே. பழைய பொருளில் 'வரவு செலவுப் பற்றாக்குறை' என்னும் கணக்கும் அவ்வாண்டோடு கைவிடப்பட்டது. பொருள் நீங்கியபொழுது பெயரும் நீங்கிற்று. சொல் வரலாற்றில் இஃது அரிதாகவே நிகழும்.

2003ஆம் ஆண்டு நிதிப்பொறுப்புச் சட்டம் இதற்கு மேலும் சென்றது. 2006 ஏப்ரல் 1 முதல் அரசு வெளியிடும் பத்திரங்களை ரிசர்வு வங்கி அரசிடமே நேராக வாங்கலாகாது என்பது அதன் விதி. பேரிடர் முதலிய சில நிலைமைகளுக்கு விதிவிலக்கும் அச்சட்டத்திலேயே வைக்கப்பட்டது. இத்தடை நல்லதென்றே பலரும் கூறுவர். தடையைவிட அவ்விதிவிலக்கே எனக்கு மதிப்புடையதாகத் தோன்றுகிறது. போரும் கொள்ளைநோயும் வரும். அந்நாளில் அரசு பணம் ஆக்கவே செய்யும். ஆக்குவதாயின் காரணம் கூறி ஆக்குக என்பதே அவ்விதிவிலக்கின் கருத்து.

2020இல் கொள்ளைநோய் வந்தது. தொழில்கள் நின்றன, வேலையிழந்தோர் நெடுவழி நடந்தே ஊர் திரும்பினர், அரசின் வரவு வீழ்ந்தது. களஞ்சியங்களில் தானியம் நிறைந்திருந்த ஆண்டு அது. 1943இல் இல்லாத ஒரு வாய்ப்பு, உரிமைக்குப் பின்னால் பொருள் நின்ற வாய்ப்பு, அப்பொழுது இருந்தது. நேரே பணம் ஆக்கலாம் என்று பொருளியலாளர் சிலர் வெளிப்படையாகவே எழுதினர். அரசு அவ்விதிவிலக்கைப் பயன்படுத்தவில்லை. ஆனால் 2020–21ஆம் நிதியாண்டில் ரிசர்வு வங்கி சந்தையிலிருந்து நிகரமாக 3 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அரசுப் பத்திரங்களை வாங்கிற்று. மறு ஆண்டின் முதற் காலாண்டுக்கு மட்டும் 1 இலட்சம் கோடி என்று முன்னறிவித்தும் வாங்கிற்று. அரசிடம் நேரே வாங்கவில்லை, அரசிடம் வாங்கியவரிடம் வாங்கியது. இவ்விரண்டும் ஒன்றே என்பது மிகை. சந்தை விலை சொல்லும், வங்கி வேண்டாவிடின் நிறுத்தலாம், மீண்டும் விற்கவும் செய்யலாம். 1955ஆம் ஆண்டின் வெள்ளிக்கிழமை உண்டியலினும் இது மிக மேலானது. ஆயினும் சட்டத்தின் சொல்லைக் காத்து அதனைச் சுற்றிச் செல்லும் வழியை நாம் முன்பு இருமுறை கண்டிருக்கிறோம். விதிவிலக்கின்வழி சென்றிருப்பின், காரணம் இன்னது, தொகை இத்துணை, காலம் இத்துணை என்று நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டியிருக்கும், 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் 4 கோடி என்று எழுதப்பட்டிருந்தது போல.